ஆறாம் மாதத்து ஸ்தோத்திரம்

காலையில் எழுந்ததிலிருந்து குழந்தை அசையவில்லை. காஜாக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் வயிற்றில் குழந்தை இருப்பதையே முதலில் சொல்ல வேண்டுமே.

அந்தத் தையல் கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது, அதாவது பொத்தான் துளை தைப்பது, அவள் வேலை. கூப்பிடும் பெயரும் அதுவே ஆகிவிட்டது. நாற்பதைத் தாண்டியவள். மாதம் ஆறு ஓடிக்கொண்டிருக்க, தொளதொளவென்று ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு, "வயசானா உடம்பு போடத்தானே செய்யும்" என்று கேட்டவர் வாயையெல்லாம் அடைத்து வைத்திருந்தாள். விஷயம் தெரிந்தது லாரி ஓட்டும் புருஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். வேதாகமத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு என்பது அவள் வாதம். ஆசாரியனின் மனைவி வயதான காலத்தில் கருவுற்றபோது ஐந்து மாதம் ஒளிந்துதான் இருந்தாள், அவளை யாராவது குற்றம் சொன்னார்களா?

உண்மைக் காரணம் வேறு. போன முறை கரு தங்கியபோது சந்தோஷம் தாங்காமல் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டாள். ஆளாளுக்குத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நாலாம் மாதம் கலைந்தது. பிறகு தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே ஓய்ந்து போனாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது இஸ்திரி சொன்ன வார்த்தை.

இஸ்திரி அவளுடைய உயிர்த்தோழி. அதே கூடத்தில் தைத்த துணிகளைத் தேய்ப்பவள், நாலைந்து வயது இளையவள். அன்றைக்குப் படுக்கையருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நாம இன்னும் கொஞ்சம் விசுவாசமா இருந்திருக்கணும்க்கா" என்றாள். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தாள் பாவம், வந்து விழுந்தது அது. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கூரைக்குக் கீழே, கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில், இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

இன்றைக்குக் காஜாக்கா குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள். சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தாள். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றை மெல்லத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. புருஷனின் போன் எந்த மலைப்பாதையில் செத்துக் கிடந்ததோ, போகவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். போனால் தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் குழந்தை உயிரோடு இருக்கிறது. இந்தக் கணக்கு அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தான் பட்டியில் விழ வேண்டிய காஜா ஒரு சட்டையின் பையில் போய் விழுந்தது.

பயம் பிடித்துக்கொண்டால் புத்தி கண்ட இடத்தில் மேயப் போய்விடும். அவள் புத்தி போன இடம் மறுபடியும் அந்த வேதக்கதைதான். அந்த ஆசாரியன் மனைவியின் ஆறாம் மாதத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி மலைநாட்டு வீட்டுக்குள் வந்து ஒரு வாழ்த்துச் சொன்னாள். சத்தம் காதில் விழுந்ததும் வயிற்றுப் பிள்ளை துள்ளியது. அப்படியானால் தனக்கு வேண்டியதும் ஒரு குரல்தானே? யாருடைய குரல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசைக்குப் போனாள்.

"இந்தக் காலர் சரியா படியல."

இஸ்திரி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் கழித்து வந்த முதல் பேச்சு ஒரு காலரைப் பற்றியா என்று நினைத்திருப்பாள். "குடுக்கா, பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். காஜாக்கா நகரவில்லை.

"வேற என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஸ்தோத்திரம் சொல்லக்கூடாதா நீ?"

இஸ்திரி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சபையில் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்ளும் வாழ்த்துத்தான் அது. "ஸ்தோத்திரம்க்கா."

காஜாக்காவின் கை அங்கிக்குமேல் வயிற்றில் இருந்தது. காத்திருந்தாள். பெட்டியிலிருந்து ஆவி சீறி அடங்கியது. உள்ளே எதுவும் துள்ளவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் சத்தமா."

சொன்னாள். அப்போதும் இல்லை. காஜாக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இஸ்திரி குரலைத் தாழ்த்தி, "எப்ப இருந்து அசையல?" என்று கேட்டாள்.

இஸ்திரி பிளக்கைப் பிடுங்கியதும் காஜாக்காவின் செருப்பைத் தேடி எடுத்ததும் ஒரே மூச்சில் நடந்தது. சூப்பர்வைசர் குறுக்கே வந்து இன்றைக்கு அனுப்ப வேண்டிய சரக்கைப் பற்றி ஆரம்பித்தார். "கசங்கின சட்டைய போட்டா யாரும் செத்துட மாட்டாங்க சார்" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். படியிறங்கும்போதே வாயில் அடித்துக்கொண்டாள்.

வண்டியில் காஜாக்கா கேட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் மாசமே தெரியும். பெட்டி ஆவி பட்டா முகத்தைத் திருப்பிக்கிட்டே. போன தடவையும் இப்படித்தான் திருப்பினே."

"தெரிஞ்சும் பேசல நீ."

"பேசித்தானேக்கா கெடுத்தேன். அதான் பொதிய மட்டும் தூக்கி வெச்சேன்."

தினமும் கீழே இருந்து சுமந்து வர வேண்டிய சட்டைப்பொதி சில மாதமாக அவள் மெஷினுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். சூப்பர்வைசருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நம்பி, அந்த மனுஷனை ஆசீர்வதிக்கும்படி ராத்திரி தவறாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள் காஜாக்கா. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"ஜெபம் பண்ணுடீ" என்றாள்.

"என் வாய நம்பாதக்கா. கையக் குடு." ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தப் பிடி தளரவில்லை.

நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினாள். இரைச்சல். பிறகு மெதுவாக ஒரு துடிப்பு. இஸ்திரி "இருக்குக்கா" என்று எழுந்தேவிட்டாள்.

"அது அம்மாவோட நாடி" என்றாள் நர்ஸ்.

இஸ்திரி உட்கார்ந்தாள். கருவி இடப்பக்கம் போனது, கீழே போனது, திரும்ப வந்தது. நர்ஸின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காஜாக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒளித்து வைத்தும் காப்பாற்ற முடியவில்லையே. அப்போது இடுப்போரத்தில், ஏதோ அவசர வேலையாக ஓடுவதுபோல், படபடவென்று ஒரு சத்தம் கேட்டது.

"இதுதான் பிள்ளை. நல்லாத்தான் இருக்கு. நஞ்சுக்கொடி முன்பக்கமா இருக்கு, அதான் அசைவு உங்களுக்குச் சரியா தெரியல. இருந்தாலும் வந்தது நல்லது. டாக்டரும் ஒரு தடவை பார்த்துடட்டும்."

காஜாக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இஸ்திரி பொத்தாமலே அழுதாள். அது அடங்கட்டும் என்று நர்ஸ் காத்திருந்து கேட்டாள்.

"மறுபடி இப்படி ஆனா வீட்டுல உட்கார்ந்துட்டு இருக்காதீங்க. உடனே வரணும். கூட யார் இருக்கா?"

"அவர் லாரியில போயிடுவார்" என்று இழுத்தாள் காஜாக்கா.

"நான் இருக்கேன்" என்றாள் இஸ்திரி.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள். "உனக்கு உன் வீடு இல்லையா?" என்றாள் காஜாக்கா.

"அந்த மலைநாட்டுக்குப் போன பொண்ணுக்கு மட்டும் வீடு இல்லாமலா? மூணு மாசம் இருந்துட்டுத்தானே திரும்பினா."

"அவ வாழ்த்துச் சொன்னதும் பிள்ளை துள்ளுச்சு."

"என் குரலுக்குத் துள்ளல. அதனாலதான் பொதி தூக்க வரேன்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள் இஸ்திரி.

காஜாக்காவுக்குப் பயம் போய்விடவில்லை. இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இஸ்திரி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.