நேராகத் தெரிந்த பலகை

வானமும் ஆறும் ஒரே சாம்பல் நிறத்தைப் பகிர்ந்துகொண்ட கார்காலப் பிற்பகல் அது. சுமிதா என்னும் அவ்வாற்றின்மேல் மழை, விழுகின்றதோ எழுகின்றதோ என்று கண் துணிய மாட்டாதபடி நூலிழைகளாய்த் தொங்க, பாலங்கள் தம் கால்களை மூடுபனிக்குள் மறைத்துக்கொள்ள, சரக்குப் படகொன்று நெடுநாள் நோயுற்றவன் படியேறுவதுபோல் நீரோட்டத்தை எதிர்த்து மெல்ல மெல்லச் சென்றது. கரையோரத்துப் பொதுக்குளியல் மனையின் புகைப்போக்கியினின்று எழுந்த வெண்புகை, மேலே செல்ல மனமின்றிக் கூரைகளின்மேல் படிந்து கிடந்தது.

அப்புகைக்குக் கீழே, மனையின் மாடியறையில், மரப்பலகை ஓவியம் செய்பவளான மினேகோ, தான் அப்பொழுதுதான் பலகையினின்று உரித்தெடுத்த ஈரத்தாளை இரு கைகளிலும் ஏந்தியவாறு அசைவற்று நின்றாள். கீழே காசு வாங்கும் மேடையில் அமர்ந்திருக்கும் தன் தமக்கை கினுயோவை, மயிரிழை மயிரிழையாய் நான்கு திங்கள் செதுக்கி, கருமை ஒன்றாலேயே அச்சிட்ட உருவம் அது. கண்காட்சிக்கு ஐந்தே நாட்கள் இருந்தன. உருவம் அழகாகத்தான் இருந்தது. ஆயின் கிமோனோ அங்கியின் வலமடல் இடமடலின்மேல் ஏறிக் கிடந்தது. இறந்தோரைக் கிடத்தும்போது மட்டுமே உறவினர் அவர்க்கு அவ்வாறு உடுத்திவிடுவர்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. வரைந்த தாளைப் பலகையின்மேல் முகங்கவிழ்த்து ஒட்டினாலே உருவம் தானாக இடம்வலம் திரும்பிவிடும். தமக்கையின் நெஞ்சைப் பிளந்து மருத்துவம் செய்த நாட்களில், உறக்கமற்ற கண்களோடு, கணினியிலும் முன்பே ஒருமுறை அதைத் திருப்பிவிட்டிருந்தாள். ஆகவே நான்கு திங்களும் பலகையில் கினுயோவின் முகம் நேராகவே தெரிந்தது. பலகையில் நேராயிருப்பது தாளில் மாறியே விழும்; இத்தொழிலில் நேராகத் தெரிவதே பிழை என்பதை, சோர்ந்த கண் அவளுக்குச் சொல்லவில்லை.

படிகளில் காலோசை கேட்டது. தாளை மறைக்க ஓரிடம் தேடுவதற்குள் கினுயோ சோற்றுருண்டைப் பொதியுடன் உள்ளே வந்துவிட்டாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? மூணு நாளா கீழ குளிக்கக்கூட வரல. குளிக்கிற எடத்துக்கு மேலயே குடியிருந்துக்கிட்டு அழுக்கா இருக்கறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்."

"அப்புறம் வரேங்க்கா. நீ கீழ போ."

"கையில என்ன? காட்டு. என் மூஞ்சிதானே, எனக்குத் தெரியாததா?"

தாள் கைமாறியது. கினுயோ அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் கினுயோ. "அச்சு அசலா நான்தான்."

"மார்மடிப்பைப் பாரு, அக்கா."

கினுயோ பார்த்தாள். "ஓ, பொணத்துக்குக் கட்டற கட்டா! அதான் இவ்வளவு அமைதியா உக்காந்திருக்கேனா?"

"சிரிக்காதக்கா."

சிரிப்பு தானாகவே நின்றது. கினுயோ தாளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் அமர்ந்தாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வந்த நாள்லேருந்து தினம் காலைல கண்ணாடி முன்னாடி ஒழுங்காத்தான் உடுத்திக்கறேன். ஆனா கண்ணாடில இருக்கறவ மாத்தி உடுத்திக்கிட்டு நிக்கறா. அறுபது வருசமா நான் அதைக் கவனிச்சதே கிடையாது. இப்ப கண்ணு வேற எங்கயும் போகமாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லல. உனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான்..." அவள் தாளைத் தங்கையிடம் திருப்பி நீட்டினாள். "அப்படியே விட்டுரு மினே. நீயும் ஓஞ்சுபோயிட்ட."

விட்டுரு என்னும் அச்சொல்லைத்தான் மினேகோவின் தோள்களும் விரல்களும் வேண்டிக்கொண்டிருந்தன. எவரேனும் அதைச் சொல்லமாட்டாரா என்றே அவள் ஏங்கி நின்றாள். இப்பொழுது சொல்லப்பட்டது. சொல்லப்பட்டபின், அதை ஏற்றுக்கொள்ள இயலாது என்பதும் தெரிந்தது.

அவள் பலகையைத் துடைத்து, அகன்ற உளியை எடுத்தாள்.

"என்னடி பண்ணப்போற?"

"நெஞ்சுப் பக்கத்தைத் தோண்டி எடுத்துட்டு வேற மரம் பதிக்கப்போறேன்."

"ஒட்டு தெரியுமே."

"தெரியட்டும். உன் நெஞ்சுலயுந்தான் தெரியுது."

"எனக்கு இருபது தையல். நீ பாதியாவது போடு."

"கண்ணாடியைப் பாக்கறது உன் வேலைக்கா. எதிர்ல உக்காந்து பாக்கறது என் வேலை. கொஞ்சம் நிமிந்து உக்காரு, மடிப்பை மறுபடி வரையணும்."

கினுயோ நிமிர்ந்து அமர்ந்தாள். இடமடல் வலமடலின்மேல் இருந்தது. அதனடியில் தழும்பும், தழும்பினடியில் மூச்சும் மெல்ல எழுந்து தாழ்ந்தன. மினேகோ வலிக்கும் விரல்களால் அதை வரைந்து முடித்து, பதிக்கப்போகும் புதுமரத்தின்மேல் தாளை ஒரே ஒருமுறை கவிழ்த்தாள்.

தன் முகத்தைத் தானே நேர்நின்று கண்டவர் இவ்வுலகில் எவருமிலர். எதிரே களைத்த கண்களோடு ஒருவர் அமர்ந்து, இவள் உயிரோடிருக்கிறாள் என்று வரைந்து காட்டவேண்டியிருக்கிறது. வெளியே மழை விடவில்லை. படகு பாலத்தைக் கடந்திருந்தது.