நல்ல பேரால் வந்த வினை

சுயம்புலிங்கத்தைப் பிடித்த ஒரே சனியன், அவனுக்கு இருந்த நல்ல பேர்தான்.

மயிலாப்பூரில், சித்திரக்குளம் பக்கத்து மாடிப் போர்ஷன் ஒன்றில் அவனும் ஆரோக்கியநாதனும் ஒன்பது வருஷமாகக் குடியிருந்தார்கள். சுயம்புவுக்கு தியாகராய நகரில் தாய்மாமன் வெள்ளைத்துரையின் ஜவுளிக்கடையில் வேலை. ஆரோக்கியநாதன் சாந்தோமில் கணக்கு வாத்தியார். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன், கல்யாணமாகாதவர்களுக்கு லேசில் வீடு கொடுக்காதவர். பெண்களைக் கூட்டி வந்துவிடுவார்களாம். இவர்களை மூன்று மாதம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துவிட்டு மனுஷன் பூரித்துப் போனார். மாடியில் பழைய கட்டில் ஒன்று கிடந்தது. "ரெண்டு பேரும் அதுலயே படுத்துக்கோங்கோ, இடம் அடைக்காது" என்று சொன்னது அவர் மனைவி மீனாட்சி மாமி. இருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தது தெருவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அத்தனை பேர் மண்டையும், எதிர்வீட்டு டைப்பிஸ்ட் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்ற கவலையால் நிரம்பியிருந்தது.

எழுபத்து நாலு கார்த்திகையில் மாமா தூத்துக்குடியில் பெண் பார்த்தார். மாப்பிள்ளை குடியிருக்கும் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பது பெண் வீட்டார் வழக்கம். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து, ஸ்ரீரங்கன் பாடிய புகழில் சொக்கிப்போய்த் திரும்பியிருந்தார்கள். அப்போதெல்லாம் ஜாதகம் பொருந்தாமல் சுயம்பு தப்பித்தான். இந்தத் தடவை அதுவும் பொருந்தித் தொலைத்தது. கல்யாணமானால் மாமா வீட்டோடு போக வேண்டும், ஆரோக்கியநாதனைப் பிரிய வேண்டும். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றான் ஆரோக்கியநாதன்.

"ஏன்னு கேப்பாரே. என்னத்தச் சொல்ல?"

பதில் இருவருக்கும் தெரியும். வெளியில் சொல்லக்கூடிய பதிலா அது.

"அப்ப உன் பேரைக் கெடுக்கறதைத் தவிர வேற வழியில்ல."

அதற்கு ஆள் கிடைத்தாள். ஆரோக்கியநாதனோடு வேலை பார்த்த டோரதி டீச்சர், மர்சலின் என்ற நர்ஸோடு அடையாறில் ஆறு வருஷமாக ஒரே அறையில் வாழ்ந்தவள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "வரேன் சார். நாளைக்கு எனக்கு மாப்ள பாக்க ஆரம்பிச்சா, உங்கள்ல ஒருத்தர் வந்து எங்க ரூம்ல காபி குடிக்கணும்" என்றாள்.

பெண் வீட்டார் விசாரிக்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆரோக்கியநாதன் வேண்டுமென்றே சர்ச்சுக்குப் போய்விட்டான். வாசலில் பெண்ணின் அப்பாவையும் வெள்ளைத்துரையையும் நிற்கவைத்து ஸ்ரீரங்கன் அளந்துகொண்டிருந்தார். "ஒம்போது வருஷத்துல ஒரு பொம்மனாட்டி இந்த மாடிப்படி ஏறினதில்லை."

அந்த நேரம் பார்த்து டோரதி படியிறங்கினாள். உதட்டுச் சாயம், மர்சலினின் கூலிங்கிளாஸ். பின்னால் சுயம்பு. "நாளைக்கும் வரட்டா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். அவள் மாடியில் இருந்தது இருபது நிமிஷம், குடித்தது ஒரு டம்ளர் காபி. பெண்ணின் அப்பா விடுவிடுவென்று நடையைக் கட்டினார்.

கல்யாணம் நின்றது. வீடும் போகும் என்பதைத்தான் இந்தப் புத்திசாலிகள் யோசிக்கவில்லை. ஆரோக்கியநாதன் திரும்பி வந்தபோது கீழே கூடத்தில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"கௌரவமா இருக்கற ஆத்துல இதெல்லாம் நடக்கப்படாது. காலி பண்ணிடுங்கோ" என்றார் ஸ்ரீரங்கன்.

"காலி பண்ணிட்டு எங்க போவான்? ஏல, இனி கடை மாடியில என் கண்ணு முன்னால கெட" என்றார் வெள்ளைத்துரை.

எதற்காக இத்தனை கூத்தும் அடித்தார்களோ, அதுவே கைநழுவிப் போயிற்று.

மீனாட்சி மாமிதான் குறுக்கிட்டாள். "சித்த இருங்கோ. வாத்தியார் கூட இருந்தவரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தான்? அவர் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துன்னா இப்படிப் பண்ணியிருக்கான். அவர்தான் இவனுக்குக் காவல்."

வெள்ளைத்துரைக்கு அது சரியாகப் பட்டது. மருமகனின் கையைப் பிடித்து இழுத்து, ஆரோக்கியநாதனின் கையில் வைத்து அழுத்தினார்.

"வாத்தியாரய்யா, ஒங்கள நம்பி ஒப்படைக்கேன். இவன ஒரு ராத்திரிகூடத் தனியா விடக்கூடாது. கடைசி வரைக்கும் ஒங்க பொறுப்பு. நாலு பேர் முன்னால சொல்லுங்க."

ஆரோக்கியநாதன் கையை விடவில்லை.

"கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றான்.

இதே வார்த்தையை அவன் இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறான், கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு காதாக. மனிதர்கள் முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை. சுயம்புவால் தாங்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடியே தேம்பித் தேம்பி அழுதான்.

"பாத்தேளா, திருந்திட்டான்" என்றார் ஸ்ரீரங்கன்.