அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

வாரண்ட் அதிகாரி சித்திரபுத்திரனை விமானி அமலதாஸ் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவருடைய இடது காதிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்து மோந்து பார்த்தார்.

“ஹைட்ராலிக் எண்ணெய்தான் தம்பி. சக்கரத்த எறக்குற குழாய்ல கசியுது. மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நாளைக்கு அதுல ஏறிராதீங்க.”

“மொதல்ல நீங்க பொழைச்சுக் கெடங்க அண்ணாச்சி.”

குழாயை யாரும் மாற்றவில்லை. விடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

கடலோரத்து அந்த விமானப்படைத் தளத்தில் விமானத்துக்கு ஒருவர் பொறுப்பு. பொறுப்பேற்றவர் உடம்பில்தான் அதன் கோளாறு தெரியும். டயரில் காற்று இறங்கினால் அவர் நொண்டுவார். இறக்கையில் விரிசல் விட்டால் அவருக்கு விலா வலிக்கும். விமானிகள் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மேலதிகாரிகள் உடம்பைப் பேணுகிறவர்கள். பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டுக்கொண்டால் எந்தப் பொறுப்பும் ஒட்டாது என்பதை அவர்கள் கண்டுகொண்டு வெகுகாலம் ஆயிற்று. கனகசபாபதி வந்த நாளிலிருந்தே தளபதி (பொறுப்பு). பாதுகாப்பு அதிகாரியும் (பொறுப்பு), டாக்டரும் (பொறுப்பு). ஒருவருக்கும் தலைவலிகூட வந்ததில்லை.

சவத்தை எடுக்கும் முன்பே கூட்டம் போட்டார்கள்.

“விமானத்துக்கு இனி யார் சார் பொறுப்பு?” என்றான் அமலதாஸ். அன்று மாலை அதில் பறக்க வேண்டியவன் அவன்.

“சித்திரபுத்திரனே இருக்கட்டும். அவரை யாரும் விடுவிக்கலையே,” என்றார் கனகசபாபதி.

“அவர் செத்துட்டார் சார்.”

“அதனால என்ன? இப்ப காதுல ஒழுகுதா?”

“இல்ல சார்.”

“அப்ப கசிவு நின்னுபோச்சு. போய் ஏறு.”

செத்தும் கடமையைச் செய்கிறானே என்று பாதுகாப்பு அதிகாரி (பொறுப்பு) டீயை உறிஞ்சிக்கொண்டே கண் கலங்கினார்.

அமலதாஸுக்குத் தன் உயிர்மேல் ஆசை இருந்தது. “அப்படின்னா நானே பொறுப்பேத்துக்கிறேன் சார்,” என்றான். சொல்லி வாய் மூடவில்லை, இடது காது நனைந்து சட்டைக் காலரில் எண்ணெய் சொட்டியது. டாக்டர் (பொறுப்பு) எட்ட நின்று பார்த்துவிட்டு, காது ஒழுகுகிறவன் பறக்கத் தகுதியில்லை என்றார்.

பயணத்தை ரத்து செய்யலாம்தான். ரத்து செய்ய ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ஆகவே கொடியில் தொங்கிய, தேய்த்த சீருடை ஒன்றைக் கனகசபாபதி விமானி (பொறுப்பு) ஆக நியமித்தார். அது மறுத்துப் பேசவில்லை. “பாருங்கய்யா, இதான் ஒழுங்கு,” என்றார். இருக்கையில் அதை வைத்து வார் போட்டார்கள். விமானம் சொன்ன நேரத்துக்கு எழும்பியது.

விமானம் திரும்பி வந்து தரையிறங்கப் பார்த்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அமலதாஸின் கால்கள் இரண்டும் மடங்கிக்கொண்டு நீட்ட வராமல் போயின. கொஞ்ச நேரத்தில் வாளி நிறைய உப்புத் தண்ணீர் வாந்தி எடுத்தான். கூடவே ஒரு நெத்திலியும் வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டான். விமானமே இல்லை என்பதால் இனி அவனுக்குக் கோளாறும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விமானம் கடலுக்குள் போய்விட்டது. தளத்தில் அது வழக்கமாக நின்ற இடத்தில் அதன் நிழல் இன்னும் இருக்கிறது. நல்ல குளிர்ச்சி. அதிகாரிகள் மத்தியானத்தில் தங்கள் கார்களை அங்கேதான் நிறுத்துகிறார்கள்.