மூன்று அடிக்கு மூன்று அங்குலம் குறைவு

ஏரம்பர் பூநகரியில் இருந்த தன் கல்வீட்டை ஆறாயிரம் ரூபாய்க்கு விற்கப் பேசி முடித்திருந்தார். கிளிநொச்சியில் மகள் நேசமலரின் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்திருந்தது. அதுவும் ஆறாயிரம்தான். ஒரு சதம் குறைந்தாலும் வாங்குவதற்கு வேறு ஆள் தயாராக நின்றான். பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கும் மனைவி இலட்சுமிக்கும் வேறு ஆசை இல்லை.

வாங்க வந்த கனகலிங்கம் மாஸ்ரர் யாழ்ப்பாணத்தவர். அளந்து பார்க்காத காணிக்குக் கையெழுத்து வைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஆனி மாத வெயிலில் ஒரு சேவயரைக் கூட்டிவந்தார். சேவயர் மத்தியானம் வரை சங்கிலி பிடித்து, புதைந்து கிடந்த எல்லைக் கல்லையும் கிண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கிழக்கு வேலி பக்கத்து வளவுக்குள் இரண்டே முக்கால் அடி போயிருக்கிறது. பிறகு நீட்டிக் கட்டிய குசினிச் சுவரும் அந்த வளவுக்குள் ஒன்றரை அடி நிற்கிறது.

ஏரம்பர் ஆச்சரியப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அது அவருக்கு நன்றாக வரவில்லை. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை நாலு விரற்கடை அந்தப் பக்கம் தள்ளி நட்டவர் அவர்தான். பக்கத்து வளவுச் சிற்றம்பலத்தின் ஆடு இவருடைய மரவள்ளியைக் கடித்த அன்று இரண்டு பேருக்கும் கதை நின்றது. அது நடந்து பதினொரு வருடம். ஆடு எப்போதோ செத்துவிட்டது, கோபத்தை மட்டும் இவர் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். சிற்றம்பலத்தின் மனைவியின் செத்த வீட்டுக்குப் போயும் பந்தலில் நின்றுவிட்டு ஒரு சொல் பேசாமல் திரும்பிய மனிதர் அவர்.

கனகலிங்கம் மாஸ்ரர் குரலை உயர்த்தவில்லை.

"சமைக்கிறது அவற்ற காணியிலையும் சாப்பிடுறது என்ர காணியிலையும் எண்டால் சரிவராது அண்ணை. ஆயிரத்தைந்நூறு குறையுங்கோ. இல்லாட்டி அந்தத் துண்டை அவரிட்ட எழுதி வாங்கித் தாங்கோ."

ஏரம்பர் சுவர் ஒன்றரை அடிதானே என்றார், ஐந்நூறு குறைக்கிறேன் என்றார், பிறகு எழுநூறு என்றார். மாஸ்ரர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இலட்சுமி குசினிக்குள் இருந்தபடி, வேலியைத் தள்ளி அரக்க வேண்டாம் என்று தான் முதல் வருடமே சொன்னதை நினைவூட்டினாள். போய் ஒரு வார்த்தை கதைத்தால் ஆயிரத்தைந்நூறு மிச்சம் என்றும் சொன்னாள்.

அவர் ஒரு கிழமை யோசித்தார். பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துப் படலையைத் திறந்தார். சிற்றம்பலம் முற்றத்தில் பனங்கிழங்கு கிழித்து ஒடியல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து ஒடியலைப் பரப்பினார். ஏரம்பர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சமாதானங்களை விழுங்கிவிட்டு, வேலியை அரக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டார்.

"தெரியும். வருசத்துக்கு நாலு விரக்கடை."

"தெரிஞ்சும் ஏன் காணும் ஒண்டும் கேக்கேல்லை?"

"உம்மோடதான் நான் கதைக்கிறேல்லையே. பிறகு என்னெண்டு கேக்கிறது?"

சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. ஏரம்பருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

துண்டுக்கு என்ன விலை என்று கேட்டார். தனி ஆளுக்குக் காணி எதற்கு, நொத்தாரிசிடம் வந்து சும்மா எழுதித் தருகிறேன் என்றார் சிற்றம்பலம். ஆறாயிரமும் உடையாமல் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஏரம்பருக்குச் சந்தோஷம் வரவில்லை. செத்த வீட்டுப் பந்தலில் சிற்றம்பலம் தனியாக நின்ற நிலைதான் கண்ணுக்குள் வந்தது. அன்று பேசாமல் போனதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். சிற்றம்பலம் ஒடியலைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"எப்ப போறியள்?"

"ஆவணியில."

சிற்றம்பலம் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து நிழலில் வைத்தார்.

"அப்ப இரண்டு மாசம் கதைக்கலாம். இரும்."