பீரோவிலிருந்து வந்த கைலி

1

"ஏட்டி, ஓம் பாலு சரியில்ல. அதான் பிள்ளை மஞ்சளாப் போகுது!"

"மதினி, எதை வேணும்னாலும் சொல்லுங்க, என் பாலைச் சொல்லாதீய!"

இந்தச் சத்தத்தில்தான் கதை பிறந்தது. ராஜபாளையத்தில் எங்கள் மாடிக்கும் அஸ்ஃபியா வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். காய்ந்த துணியையே மூன்றாம் முறை திருப்பிப் போட்டபடி கேட்டேன். கத்தியது ஆயிஷா பீவி, அஸ்ஃபியாவின் புருஷனுக்கு அக்கா. பிள்ளை பிறந்து ஆறு நாள். (ஒட்டுக்கேட்டது தப்பென்றால், மேலே வாசிக்கிற நீங்கள் யாராம்?)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆக்சிஜன் உயிர்க்காற்று, ஆனால் அதுவே...'

அடித்துவிட்டேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி இருந்தது.

3

பிள்ளைக்கு ரத்தம் எடுக்க எலினாவைக் கூப்பிட்டார்கள். தெருக்கோடி வீட்டுக்காரி, லேபில் வேலை. (இவளைக் கொஞ்சம் கர்வக்காரியாக எழுதப் பார்த்தேன், வரவில்லை.) ஊசியை எடுக்குமுன் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை மோந்து பார்த்தாள்.

"ஆயிஷாக்கா, இது யாரு துணி?"

"எங்க அத்தா கைலி. பிள்ளைக்கு மொதத் துணி பழசா இருந்தாத்தான ஆயுசு கெட்டி? எட்டு வருசமா பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன்."

"அந்துருண்டை போட்டிருந்தியளா?"

"ஒரு கை நெறைய."

எலினா யாரையும் ஏசவில்லை. கைலியை உருவி எறிந்துவிட்டுத் தன் துப்பட்டாவில் பிள்ளையைச் சுற்றினாள். "ஆட்டோவக் கூப்பிடுங்க. இப்பமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

4

(இது அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது, மனசு கேட்கவில்லை.) சிவப்பணு நாளெல்லாம் ஆக்சிஜன் சுமக்கிறது. அந்தச் சரக்கிலிருந்தே சில துணுக்குகள் முறுக்கிக்கொண்டு அதன் தோலைக் கடிக்கும். அவற்றை அடக்கத் துணைநிற்பது ஜி6பிடி என்ற நொதி. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. சேதமானால் புதிதாக எதையும் செய்துகொள்ள முடியாது. இருந்தும் நாலு மாதம் ஓடி உழைக்கிறது! எங்கள் தெருவில் இத்தனை பொறுமை யாருக்கும் இல்லை.

இந்தப் பிள்ளைக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. அந்துருண்டையின் ஆவி துணுக்குகளைப் பெருக்கிவிட்டது, அணுக்கள் உடைந்தன. அந்தச் சிதிலம்தான் மஞ்சள்.

5

முதல் முடிவு: ஆயிஷா பீவியே பிள்ளைக்கு ரத்தம் கொடுக்கிறாள், அவளும் அஸ்ஃபியாவும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நல்ல முடிவுதான்; ரத்த குரூப் சேரவில்லை.

இரண்டாம் முடிவு: பிள்ளை... இதை எழுத மாட்டேன்.

நடந்தது: யாரோ கொடுத்த ரத்தத்தில் பிள்ளை தேறியது. ஆயிஷா பீவி கட்டைப்பையோடு வீடு வீடாக ஏறினாள். "ஏட்டி, பீரோவைத் தெற. உருண்டை அம்புட்டையும் எடு." என் பீரோவில் ஏழு பிடிபட்டன. காரணம் கேட்டவர்களிடம் மறைக்கவில்லை: "நாந்தான் பிள்ளையக் கெடுத்தேன். அவ பாலு இல்ல."

நாலு பேர் கேட்க என் தப்பை இப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

6

எலினா ஜோயல் என்றொருவனைக் கல்யாணம் கட்டிக்கொண்டு செட்டியார்பட்டி போனாள். அஸ்ஃபியா குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு மாறியது. சாமான் வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்தபடி ஆயிஷா பீவி. அஸ்ஃபியா கூப்பிட்டாளா, இவளே ஏறிக்கொண்டாளா? அந்நேரம் பார்த்து எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியதில் எதுவும் காதில் விழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனால் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.