ஆர்லீன் சோசி கம்பளத்துக்குள் இருந்த காலம்

டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில் குடியிருந்த ஆர்லீன் சோசி, தான் நெய்த கம்பளத்துக்குள்ளேயே இரண்டு குளிர்காலம் இருந்தாள். அரிசோனாப் பாலைநிலத்து நவாஹோ இனத்தவள். கணவனின் வேலையோடு கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து, அவன் இறந்த பிறகும் ஜன்னலோரம் தறி போட்டு நெய்துகொண்டிருந்தவள். நாலு பக்கமும் கரை வைத்து நெய்யும்போது, நடுவிலிருந்து விளிம்புவரை கரையை ஊடறுத்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விடுவாள். நெய்தவளின் உயிர் வெளியே வருவதற்கான வழி அது என்று தாய் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

அதே கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்த யோகமலர், பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாசாவில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவள். கண்காட்சியில் தொங்கவிட மேல்விளிம்பில் பட்டி தைத்துத் தரும்படி ஆர்லீன் கம்பளத்தை அவளிடம் கொடுத்தாள். கறுப்புக் கரையில் வெள்ளை நூல் ஓடியிருந்ததை யோகமலர் பிழையென்றே நினைத்தாள். பாவம், வயது போன மனிசி, கண் தெரியாமல் விட்டிட்டா என்று, கேளாமலே கறுப்பு நூலால் மூடித் தைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் காலை கம்பளத்தின் நடுவிலிருந்து இருமல் கேட்டது. கண்காட்சி நடந்தது, வந்தவர்களின் கேள்விகளுக்கு ஆர்லீன் உள்ளிருந்தே பதில் சொன்னாள். முடிந்ததும் கம்பளத்தை வீட்டுச் சுவரில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆர்லீனின் வீட்டுக் கதவுத் திறப்பு யோகமலரிடம் இருந்ததால் செடிகளுக்குத் தண்ணீர் விட அவள்தான் போவாள். அப்போதுதான் ஆர்லீன் கோட்டின் கதையைச் சொன்னாள். வழி விட மறந்தது தன் கைதான் என்றும், மறந்த கை இனித் தறியைத் தொடக்கூடாது, வெளியே வந்தாலும் நெய்வதில்லை என்றும் சொன்னாள். யோகமலர் தண்ணீர் விட்ட செடிக்கே திரும்பவும் விட்டாள். பிறகு பூதக்கண்ணாடியோடு வந்தாள். என்ன தேடுகிறாய் என்று கம்பளம் கேட்டதற்குத் தூசி என்றாள். கணவன் இராஜரட்ணத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"உன்ர தையல்தானே, பிரிச்சு விடன்."

"பிரிக்கிறதுக்கு முதல் அதைக் காணவேணுமேயப்பா."

அது மெய். தைத்த இடம் தைத்தவளுக்கே தெரியாது என்பதில்தான் ஸ்காபரோ முழுக்க அவளுக்குப் பெயர்.

"அப்ப உள்ளுக்கிருக்கிறவாவைக் கேள். எங்கை இறுக்குதெண்டு அவாவுக்குத் தெரியும்."

கேட்பதென்றால் சொல்ல வேண்டும். யோகமலர் தூசியையே தேடிக்கொண்டிருந்தாள்.

பனி கரையத் தொடங்கிய ஒருநாள், தறியை யாருக்காவது கொடுத்துவிடும்படி ஆர்லீன் சொன்னாள். யோகமலருக்கு முதலில் தமிழ்தான் வந்தது. "மறந்தது நீங்களில்லை. நான் மூடினனான்." பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். கம்பளம் இருமியது. அதன்பின், வலப்பக்கம் என்றது. இன்னும் மேலே என்றது. ஊசிமுனையால் கிளற ஒரு கறுப்பு நூல் வந்தது, அதன் பின்னால் ஒரு விரல், பிறகு ஆர்லீன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, யோகமலரும் கேட்கவில்லை. லிஃப்ட் வேலை செய்கிறதா என்று விசாரித்துவிட்டு, ஆர்லீன் கம்பளி நூல் வாங்கக் கீழே போனாள்.

அன்றிலிருந்து யோகமலர் தைக்கும் எதிலும் ஒரு விரல் அகலம் மூடுவதில்லை. எத்தனை தரம் தைத்தாலும் நூல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஸ்காபரோப் பெண்கள் இப்போதும் அவளிடம்தான் சட்டை தைக்கக் கொடுக்கிறார்கள். கமக்கட்டில் மூடாத அந்த இடத்தில் ஒரு சட்டைப்பின்னைக் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள்.