திருப்பிக் கொடுத்த டப்பா

என் வீட்டுக்காரர் எபினேசருக்கும் என் தம்பி ஜெபர்சனுக்கும் மனஸ்தாபம் வந்தது சொத்தால் இல்லை. ஒரு பழைய ஃபியட் காரின் இக்னிஷனால். கேட்டால் சிரிப்பு வரும். நானும் முதலில் சிரித்தவள்தான்.

கார் என் மாமனார் வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். லீவு நாளானால் அந்த ஃபியட்டைத் துடைத்துக்கொண்டே கிடப்பார். சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பெண் அதில்தான் வந்து இறங்கும். அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோலுக்குப் பொறி கொடுப்பது பாயிண்ட். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், ஒட்டி ஒட்டி விலகும். கருகினால் வண்டி நின்றுபோகும், உப்புத்தாளால் தேய்த்தால் ஓடும். "ஜெபமணி மாதிரிதான். மூஞ்ச தூக்கி வச்சிக்கும், கொஞ்சம் தொடச்சி வுட்டா சரியாப்பூடும்" என்று என்னை வைத்துக்கொண்டே ஊரிடம் சொல்வார்.

ஜெபர்சன் ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மாமா அடிக்கடி நடுரோட்டில் நிற்கிறாரே என்று எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை வாங்கி வந்து அவனே மாட்டினான். பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு டப்பா, அதற்குத் தோதாக, பொறிக்குக் கரண்ட் ஏற்றிக் கொடுக்கிற காயிலும் புதுசு. பழைய காயிலைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டான். அதன்பிறகு வண்டி நிற்கவே இல்லை. அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தலும் இருந்தது. தேய்க்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே.

எங்கள் மகள் பெனிட்டாவின் நிச்சயத்தன்று எல்லாரும் வாசலில் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபர்சன் சும்மா இல்லாமல், "என் டப்பா மட்டும் இல்லன்னா இந்த வண்டி எப்பவோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்" என்றான். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாளே டப்பாவைக் கழற்றி, பாயிண்ட்டைத் திரும்ப மாட்டி, டப்பாவைப் பேப்பரில் சுற்றிக் குன்றத்தூரில் அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். "அவன் பொருள் எனக்கு வாணாம்."

ஈஸ்டர் வரைக்குமான லெந்து நாட்கள் முடிந்ததும் பெனிட்டாவுக்குக் கல்யாணம். அதற்குள் இந்த இரண்டு கல்லுளிமங்கன்களையும் எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். தாய்மாமன் இல்லாமல் என்ன கல்யாணம்?

வண்டியோ மறுபடி நிற்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் தாங்கிய பாயிண்ட் இப்போது வாரத்துக்கு வாரம் கருகியது. "இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு" என்று கடைக்காரனைத் திட்டினார். மகள் கல்யாணத்தன்று நின்று மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் ஓட்டிப் பார்த்தார். பொறுக்கமாட்டாமல் நான் தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், பாயிண்ட் கருகிக் கருகிப் போவுதாம்டா. ஒரு தபா வந்து பாரேன்."

"மாமாவ கூப்பிடச் சொல்லுக்கா" என்றான்.

"அவரு கூப்ட மாட்டாரு. உனக்குத் தெரியாதா?"

"அப்ப நிக்கட்டும்."

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிடாமல்கூட, வல்லக்கோட்டைப் பக்கம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். திரும்பி வருகையில் மெயின்ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. ஓரமாகத் தள்ளக்கூட இடமில்லை. பானெட்டைத் திறந்து குனிந்து பாயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த டிரெய்லர், வண்டியோடு சேர்த்து அடித்துவிட்டது. புதுக் கார்கள் ஏற்றிய டிரெய்லர்.

மறுநாள் உடம்பு வீட்டுக்கு வந்தது. எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, ஆனாலும் பிறந்த வீட்டுக் கோடி போடுகிற வழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. ஜெபர்சன் கோடிப் புடவையோடு வந்தான். கூடத்துக்குப் போகாமல் நேரே நான் கிடந்த அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா, மாமா காயில மாத்தல."

"இன்னா காயிலு?"

"டப்பாவ மட்டும்தான் திருப்பிக் குடுத்தாரு. புதுக் காயிலு வண்டிலயே இருந்துகிச்சு. அதுல கரண்ட் ஜாஸ்தி, பாயிண்ட் தாங்காது. கருகிகினேதான் இருக்கும். பழைய காயிலு என் வூட்லதான் கீது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டப்பாவப் பிரிச்ச அன்னிக்கே. உள்ள காயிலு இல்லியே." புடவையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "வண்டி நின்னா என்னாண்ட வருவாருன்னு நெனச்சேன்க்கா."

அவன் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது. அம்மா போனபிறகு நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பெனிட்டா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. மாமனைப் பார்த்ததும் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "அப்பா இல்லையே மாமா. சர்ச்சுக்குள்ள என் கையப் புடிச்சி இனிமே நீதான் மாமா கூட்டிகினு போவணும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

கூடத்தில் யாரோ, "கோடி இன்னும் வரலியா, டைமாவுது" என்றார்கள்.

நான் எழுந்து போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஜெபர்சன் புடவையைப் பிரித்து என் தோளில் போர்த்தினான். கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது, நிற்கவில்லை. பெனிட்டாவிடம் நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை.